51 பெகாசி: வெப்ப வியாழன் கண்டறியப்பட்ட வரலாறும் எதிர்பார்ப்பின் பங்கும்

ஆய்வுச்சுருக்கம்

சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றிவரும் கோள் 1995ஆம் ஆண்டில் முதன்முதலாக உறுதியுடன் அறிவிக்கப்பட்டது. 51 பெகாசி என்னும் விண்மீனுக்கு மிக அருகில் 4.23 நாள்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் வளிமப் பெருங்கோள் அது. இத்தகைய கோள் இருக்கக்கூடும் என்பதையும் அதனைக் கண்டறியும் இரு வழிகளையும் ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். இடைப்பட்ட 43 ஆண்டுக் காலத்தாழ்வுக்குக் கருவிக்குறை ஒன்றே காரணமாகுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கருவியின் நுட்பம், நோக்கப்பட்ட விண்மீன்களின் எண்ணிக்கை, ஆய்வாளரின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் இத்தாழ்வில் எவ்வாறு பங்குபெற்றன என்பது இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புறக்கோள், வெப்ப வியாழன், 51 பெகாசி, ஆரைத் திசைவேகம், கோள் கடப்பு, அறிவியல் வரலாறு

முன்னுரை

பெகாசஸ் விண்மீன் குழாமை ஒட்டி வானில் ஒரு பெருஞ்சதுரம் புலப்படும். தமிழர் நாள்மீன் கணக்கில் பூரட்டாதி, உத்திரட்டாதி என வழங்குபவை அச்சதுரத்தின் மூலைகளில் உள்ள விண்மீன்களே. பூரட்டாதியைக் குறிக்கும் மேற்குப் பக்கத்தை அடுத்து, இருள் மிகுந்த இடத்தில் கூர்ந்து நோக்கினால் மட்டும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மங்கலான விண்மீன் 51 பெகாசி. புவியிலிருந்து ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இவ்விண்மீன் நிறையாலும் வெப்பநிலையாலும் சூரியனை ஒத்தது.

1995 அக்டோபர் 6 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடைபெற்ற மாநாடு ஒன்றில், ஜெனீவா வானாய்வகத்தைச் சேர்ந்த மிஷெல் மேயோரும் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த டிடியே கெலோஸும் இவ்விண்மீனுக்கு ஒரு கோள் உண்டு என அறிவித்தனர். வியாழனின் நிறையில் குறைந்தது 0.47 பங்கு, அதாவது புவியைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு நிறை கொண்ட கோள் அது. அது தன் விண்மீனிலிருந்து 0.05 வானியல் அலகுத் தொலைவில், ஏறத்தாழ 75 இலட்சம் கிலோமீட்டர் அப்பால், சுற்றிவந்தது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன்கோளின் தொலைவு 0.39 வானியல் அலகு. அதன் சுற்றுக்காலம் 88 நாள். புதன் இருக்கும் இடத்திற்கும் மிக உள்ளே வியாழனை ஒத்த பெருங்கோள் ஒன்று நான்கு நாள்களில் ஒரு சுற்றை முடிக்கிறது என்பதை அன்றைய வானியலார் எளிதில் ஏற்க இயலவில்லை. பின்னர் இவ்வகைக் கோள்கள் ‘வெப்ப வியாழன்’ என்னும் பெயர் பெற்றன.

இக்கண்டுபிடிப்புக்காக மேயோரும் கெலோஸும் 2019ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர். கருவி நுட்பம் முதிர்ந்தது, அதன் விளைவாகக் கோள் அகப்பட்டது என்னும் முறையிலேயே இவ்வரலாறு பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையான விளக்கமாகாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. முந்தைய அறிவிப்புகளும் அவற்றின் வீழ்ச்சியும்

பிற விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டு என்னும் அறிவிப்புகள் 1995க்கு முன்னரும் பலமுறை வெளிவந்து பொய்த்துள்ளன. அவற்றுள் மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று சென்னையிலிருந்து வெளியானது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792ஆம் ஆண்டு நிறுவிய சென்னை வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒபியூச்சி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தை ஆராய்ந்தார். இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றும் பாதையைக் கணக்கிட்டபோது, கணக்கிட்ட இடத்திற்கும் நோக்கிய இடத்திற்கும் இடையே சிறு வேறுபாடுகள் எஞ்சி நின்றன. கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்றின் ஈர்ப்பே அவ்வேறுபாடுகளுக்குக் காரணமாகலாம் என அவர் 1855ஆம் ஆண்டு இலண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். 1896ஆம் ஆண்டு அமெரிக்கரான தாமஸ் சீ இதே விண்மீனுக்கு 36 ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட துணைப்பொருள் ஒன்றை முன்வைத்தார். அத்தகைய அமைப்பு நிலைத்திருக்க இயலாது என்பதை ஃபாரஸ்ட் மவுல்டன் 1899ஆம் ஆண்டு கணித வழியில் நிறுவினார்.

ஜேக்கபின் முடிவு தவறானது. எனினும் அவர் கையாண்ட தருக்கமுறை பிழையற்றது. ஒளியால் காணமுடியாத பொருளை, அது தன் விண்மீனை அசைக்கும் அசைவால் அறியலாம் என்பதே அம்முறையின் அடிப்படை. 1995ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பும் அதே அடிப்படையில் அமைந்தது. அசைவைக் காட்டுவது விண்மீனா, அளக்கும் கருவியா என்று பிரித்தறியும் வழி 1855ஆம் ஆண்டில் இல்லை என்பதே வேறுபாடு.

இதே இடர் நூறாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது. அமெரிக்காவின் ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் எடுத்த ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு, பர்னார்டு விண்மீனுக்கு 24 ஆண்டுச் சுற்றுக்காலம் உடைய கோள் உண்டு என 1963ஆம் ஆண்டு அறிவித்தார். 1973ஆம் ஆண்டு ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிச் ஐக்ஹார்னும் வேறு வானாய்வகங்களின் தகடுகளை அளந்தபோது அந்த அசைவு காணப்படவில்லை. அதே தொலைநோக்கியில் எடுக்கப்பட்ட பிற விண்மீன்களின் படங்களிலும் ஒத்த அசைவு தென்பட்டது. தொலைநோக்கியின் வில்லை அமைப்பில் செய்யப்பட்ட மாற்றங்களே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1991ஆம் ஆண்டு துடிவிண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை அறிவித்த ஆண்ட்ரூ லைன், புவியின் சுற்றுப்பாதையைக் கணக்கிற்கொண்டதில் நேர்ந்த பிழையே தம் கோளாகத் தோன்றியது என்பதை உணர்ந்து, 1992 சனவரியில் வானியலார் அவையிலேயே அதனைத் திரும்பப் பெற்றார். அவையோர் அவருடைய நேர்மையைக் கைதட்டிப் போற்றினர். அதே மாதம் அலெக்சாண்டர் வோல்ஷ்சானும் டேல் ஃப்ரெயிலும் வேறொரு துடிவிண்மீனுக்குக் கோள்கள் உண்டு என வெளியிட்ட முடிவு நிலைபெற்றது. ஆனால் துடிவிண்மீன் என்பது வெடித்து மடிந்த விண்மீனின் எச்சம், சூரியனைப் போன்றதன்று.

இத்தொடர் வீழ்ச்சிகள் இருவகை விளைவுகளை ஏற்படுத்தின. கோள் தேடும் ஆய்வு மதிப்புக் குறைந்த துறையாயிற்று. அத்துறையில் நிலைத்தவர்கள் எந்த முடிவையும் பன்முறை சோதித்த பின்னரே வெளியிடும் பழக்கத்தை மேற்கொண்டனர்.

2. ஸ்ட்ரூவின் முன்மொழிவு

இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் 1897ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓட்டோ ஸ்ட்ரூவ், விண்மீன் நிறமாலை ஆய்வில் தலைசிறந்தவர். சூரியனை ஒத்த விண்மீன்கள் மெதுவாகத் தற்சுழல்வதைக் கண்ட அவர், இழக்கப்பட்ட சுழற்சி கோள்களின் இயக்கத்தில் அடங்கியிருக்கலாம் எனவும், எனவே கோள் அமைப்புகள் பெருமளவில் இருக்கலாம் எனவும் கருதினார். 1952ஆம் ஆண்டு ‘அப்சர்வேட்டரி’ இதழில் அவர் எழுதிய மிகச் சிறிய கட்டுரை, அக்கோள்களைத் தேடும் திட்டம் ஒன்றை முன்வைத்தது.

கோள்கள் சூரியக் குடும்பத்தில் உள்ளதைப் போன்ற தொலைவுகளில்தான் இருத்தல் வேண்டும் என்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை என்பதே அக்கட்டுரையின் மையக்கருத்து. இரட்டை விண்மீன்கள் மிக நெருக்கமாகச் சுற்றிவருவது அன்றே அறியப்பட்டிருந்தது. அவ்வாறாயின் ஒரு கோளும் தன் விண்மீனிலிருந்து வானியல் அலகில் 50இல் ஒரு பங்குத் தொலைவில், ஏறத்தாழ ஒரு நாள் சுற்றுக்காலத்துடன் இருக்கலாம் என அவர் எழுதினார். வியாழனின் நிறை கொண்ட அத்தகைய கோள், தன் விண்மீனை நொடிக்கு 200 மீட்டர் அளவில் முன்னும் பின்னும் அசைக்கும். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் அமையுமாயின், கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் ஒளிப்பொலிவு 0.02 அளவு குறையும். ஆரைத் திசைவேக முறை, கடப்பு முறை என இன்று வழங்கும் இரு முறைகளும் இவ்வாறு ஒரே கட்டுரையில் இடம்பெற்றன.

இம்முன்மொழிவு நீண்ட காலம் கவனம் பெறவில்லை. அன்றைய ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு நொடிக்கு 200 மீட்டர் அசைவை நம்பகமாக அளப்பது அரிது என்பது உண்மையே. ஆனால் கடப்பு முறைக்கு இவ்விளக்கம் பொருந்தாது. ஒளிமின் அளவிகள் 1950களிலேயே 0.01 அளவு ஒளிமாற்றத்தைப் பதிவுசெய்யும் திறன் பெற்றிருந்தன. கருவி இருந்தும் முயற்சி எழாமைக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டியுள்ளது.

3. அளவீட்டு நுட்பத்தின் வளர்ச்சி

விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகர்கின்றன. டாப்ளர் விளைவு எனப்படும் இந்நகர்வைக் கொண்டு விண்மீனின் ஆரைத் திசைவேகம் கணக்கிடப்படுகிறது. வியாழன் சூரியனை அசைக்கும் அளவு நொடிக்கு 12.5 மீட்டர், நகரச் சாலையில் செல்லும் பேருந்தின் வேகத்திற்கு நிகரானது. அவ்வசைவு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு சிறிய வேகத்தைப் பல ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனில் அளப்பதற்கு இருந்த முதன்மைத் தடை, விண்மீன் ஒளியும் ஒப்பீட்டு விளக்கின் ஒளியும் கருவிக்குள் வெவ்வேறு வழியாகச் சென்றதே. வழி மாறும்போது நுழையும் சிறு பிறழ்ச்சி, வேகமாகத் தோற்றம் அளித்தது.

இத்தடை இரு வழிகளில் அகற்றப்பட்டது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராஜர் கிரிஃபின் 1967ஆம் ஆண்டு, நிறமாலையின் பல கோடுகளை ஒரே வேளையில் ஒரு வார்ப்புருவுடன் ஒப்பிடும் முறையை நடைமுறைப்படுத்தினார். ஜெனீவாவில் மேயோர் பங்கேற்று உருவாக்கிய கோரவெல் என்னும் கருவியும், பின்வந்த எலோடி என்னும் நிறமாலைவரைவியும் இம்மரபைச் சேர்ந்தவை. இரண்டாவது வழி, விண்மீன் ஒளியைக் கருவிக்குள் நுழையும் முன்னர் ஒரு வளிமக் குடுவையின் ஊடாகச் செலுத்துவது. வளிமத்தின் கோடுகள் விண்மீன் கோடுகளின் மேலேயே பதிவதால் இரண்டின் வழியும் ஒன்றாகிறது. கனடாவைச் சேர்ந்த புரூஸ் காம்பெல்லும் கார்டன் வாக்கரும் இதற்கு ஹைட்ரஜன் ஃபுளோரைடு வளிமத்தைப் பயன்படுத்தினர். நச்சுத்தன்மையும் அரிக்கும் இயல்பும் கொண்ட அவ்வளிமத்தை ஒவ்வோர் இரவும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவிலுள்ள தொலைநோக்கியில் அவர்கள் நொடிக்கு ஏறத்தாழ 13 மீட்டர் நுட்பத்தை எட்டினர்.

51 பெகாசியின் அசைவு நொடிக்கு ஏறத்தாழ 59 மீட்டர். அதனை அளக்கவல்ல கருவி, கண்டுபிடிப்புக்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னரே இயங்கிக்கொண்டிருந்தது என்பது இதனால் பெறப்படுகிறது. 1995ஆம் ஆண்டு எலோடி கருவியின் நுட்பமும் நொடிக்கு 13 மீட்டரே என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

4. வியாழன் என்னும் அளவுகோல்

காம்பெல்லும் வாக்கரும் தங்கள் குழுவினருடன் 12 ஆண்டுகள் 21 விண்மீன்களை நோக்கினர். ஆண்டுக்குச் சில இரவுகளே அவர்களுக்குத் தொலைநோக்கியில் ஒதுக்கப்பட்டன. வியாழனையொத்த கோள் எதுவும் அகப்படவில்லை என்னும் முடிவை அவர்கள் 1995 ஆகஸ்டில் வெளியிட்டனர். புளோரன்ஸ் அறிவிப்பு வருவதற்கு இரு மாதங்களே இருந்தன. அதற்கு முன்னரே காம்பெல் வானியல் துறையை விட்டு விலகியிருந்தார்.

அவர்கள் தோற்றதற்கு எதிர்பார்ப்பையே முதற்காரணமாகக் கூறுவது பொருந்தாது. சூரியனையொத்த விண்மீன்களுள் வெப்ப வியாழனை உடையவை நூற்றுக்கு ஒன்று அல்லது அதனினும் குறைவு என இன்று அறியப்பட்டுள்ளது. நூற்றுக்கு ஒன்று எனக் கொண்டாலும், 21 விண்மீன்களுள் ஒன்றிலேனும் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடே. ஜெனீவாக் குழு தேர்ந்த 142 விண்மீன்களில் அவ்வாய்ப்பு 76 விழுக்காடாக உயர்கிறது. எனவே கனடியக் குழுவின் வெறுமைக்கு முதன்மைக் காரணம் எண்ணிக்கையே.

ஆனால் அவ்வெண்ணிக்கை ஏன் 21 என்ற அளவில் நின்றது என்று வினவினால் எதிர்பார்ப்பு மீண்டும் முன்வருகிறது. கோள் உருவாக்கம் பற்றிய கோட்பாடுகள் அனைத்தும் அன்று ஒரே சான்றை, அதாவது சூரியக் குடும்பத்தை, அடிப்படையாகக் கொண்டவை. இளம் சூரியனைச் சூழ்ந்த வட்டில் நீர் உறைந்து பனிக்கட்டியாகும் தொலைவுக்கு அப்பால்தான் திண்மப் பொருள் மிகுதியாகத் திரளும். அங்கேயே புவியைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள கரு உருவாகிச் சூழ்ந்துள்ள வளிமத்தை ஈர்த்துப் பெருங்கோளாக வளரும் என்பது அக்கோட்பாடு. விண்மீனுக்கு அருகில் வெப்பம் மிகுதி, பொருள் குறைவு. ஆகவே பெருங்கோள் என்பது பத்தாண்டுகளில் சுற்றுவது என்னும் கருத்து உறுதிப்பட்டது. இக்கருத்தைக் கொண்டவர் சில விண்மீன்களை நீண்ட காலம் நோக்குவதே அறிவுடைய செயல் எனக் கருதுவார். நாள்தோறும் நோக்குவதற்கும் பல விண்மீன்களை நோக்குவதற்கும் அவருக்குக் காரணம் இராது.

5. ஓட் புரோவான்ஸ், 1994–1995

ஜெனீவாக் குழுவின் பின்னணி வேறுபட்டது. மேயோர் நெடுங்காலமாக இரட்டை விண்மீன்களை ஆராய்ந்தவர். நான்கு நாள் சுற்றுக்காலம் இரட்டை விண்மீன் ஆய்வாளருக்குப் பழக்கமானது. 1989ஆம் ஆண்டு டேவிட் லேத்தமின் தலைமையில் வெளியான ஆய்வில் மேயோரும் பங்கேற்றிருந்தார். அவ்வாய்வு எச்டி 114762 என்னும் விண்மீனுக்கு 84 நாளில் சுற்றிவரும், வியாழனைப் போல் குறைந்தது 11 மடங்கு நிறையுள்ள துணைப்பொருளைக் கண்டிருந்தது. அது கோளா, விண்மீனாக வளராத பழுப்புக் குறுமீனா என்பது முடிவாகவில்லை. எலோடித் திட்டமும் கோள்களுடன் பழுப்புக் குறுமீன்களையும் தேடியது. அதனால் குறுகிய சுற்றுக்காலங்களை முன்கூட்டியே விலக்கவில்லை.

தென்பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்திலுள்ள 1.93 மீட்டர் தொலைநோக்கியில் 1994 ஏப்ரலில் இத்திட்டம் தொடங்கிற்று. 51 பெகாசி செப்டம்பரில் முதன்முறையாக நோக்கப்பட்டது. மேயோர் ஹவாயில் தங்கியிருந்த அக்காலத்தில் நோக்கும் பொறுப்பு கெலோஸிடம் இருந்தது. விண்மீனின் ஒளி பதிவான சில நிமிடங்களிலேயே அதன் வேகத்தைக் கணக்கிட்டுத் தரும் நிரலை அவர் எழுதியிருந்தார். வேகம் இரவுக்கு இரவு மாறுவதைக் கண்ட அவர் முதலில் கருவியையும் தம் நிரலையுமே ஐயுற்றார். 1995 சனவரியில் 4.23 நாள் சுழற்சி தெளிவாயிற்று. எனினும் அவர்கள் உடனே அறிவிக்கவில்லை. சூரியனின் திசையில் மறைந்த விண்மீன் சூலையில் மீண்டும் தோன்றும் வரை காத்திருந்து, ஒவ்வோர் இரவும் காணவேண்டிய வேகத்தை முன்கூட்டிக் கணித்து வைத்தனர். சூலையில் நோக்கிய வேகங்கள் அக்கணிப்புடன் ஒத்தன. அதன் பின்னரே கட்டுரை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பப்பட்டு நவம்பர் 23 அன்று வெளிவந்தது.

முன்கணித்துச் சரிபார்க்கும் இம்முறையே ஜேக்கபிடமிருந்து மேயோரை வேறுபடுத்துகிறது எனலாம். 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் இரட்டை விண்மீனில் எஞ்சிய அசைவைச் சரிபார்க்க ஒருவரின் வாழ்நாள் போதாது. நான்கு நாளில் சுற்றும் கோளை ஒரே வாரத்தில் சரிபார்க்கலாம். எதிர்பாராத இடத்தில் இருந்தமையே அக்கோளை ஐயத்திற்குரியதாகவும் எளிதில் மெய்ப்பிக்கத்தக்கதாகவும் ஆக்கியது.

6. லிக் வானாய்வகத்துத் தரவுகள்

கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜெஃப்ரி மார்சியும் பால் பட்லரும் 1987 முதல் ஏறத்தாழ 120 விண்மீன்களை நோக்கிவந்தனர். ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு மாற்றாகத் தீங்கு குறைந்த அயோடின் ஆவியைப் பயன்படுத்திய அவர்கள், 1995 அளவில் நொடிக்கு 3 மீட்டர் நுட்பத்தை எட்டியிருந்தனர். உலகிலேயே மிகச் சிறந்த கருவி அன்று அவர்களிடமே இருந்தது. 51 பெகாசி அவர்களின் பட்டியலில் இல்லை. விண்மீன் அட்டவணை ஒன்று அதனைச் சூரியன் போன்ற விண்மீனாக வகைப்படுத்தாததே காரணம்.

புளோரன்ஸ் அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே அவர்கள் 51 பெகாசியை நான்கு இரவுகள் நோக்கி, முடிவு மெய்யென உறுதிசெய்தனர். பின்னர், பல ஆண்டுகளாகச் சேமிக்கப்பட்டுப் பகுப்பாய்வுக்குக் காத்திருந்த தம் பதிவுகளைக் கணினிகளில் விரைந்து ஆராய்ந்தனர். 1996 சனவரியில் 70 வர்ஜினிஸ், 47 உர்சே மெஜோரிஸ் ஆகிய விண்மீன்களின் கோள்களை அறிவித்தனர். தொடர்ந்து 3.3 நாள் சுற்றுக்காலமுடைய டௌ பூட்டிஸ் கோளும், 4.6 நாள் சுற்றுக்காலமுடைய உப்சிலான் ஆண்ட்ரோமிடே கோளும் வெளிப்பட்டன. இவ்விரண்டும் வெப்ப வியாழன்கள்; அவற்றின் விண்மீன்கள் 51 பெகாசி அறிவிப்புக்கு முன்னரே லிக் பட்டியலில் இருந்தவை.

இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுவான சான்று இதுவே. லிக் குழுவிடம் நுட்பம் இருந்தது; எண்ணிக்கை இருந்தது; விண்மீன்களும் இருந்தன. வியாழனின் 12 ஆண்டுச் சுற்றுக்காலத்தை மனத்திற்கொண்டவருக்குப் பகுப்பாய்வை விரைவுபடுத்தும் தேவை எழவில்லை. அன்றைய கணினிகளின் வேகக்குறைவும் இத்தாழ்வில் பங்குபெற்றது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயினும் நான்கு நாள் கோள் உண்டு என அறிந்த பின்னர், அதே பதிவுகள் சில மாதங்களில் விடை தந்தன.

7. ஐயமும் உறுதிப்பாடும்

ஒரு கருவி கண்டதை மற்றொன்று கண்டது என்பதால் மட்டும் அது கோள் என முடிவாகிவிடாது. இரு கருவிகளும் அளந்தது விண்மீனின் புறப்பரப்பு வேகத்தையே. விண்மீன் தானே விரிந்து சுருங்கினாலும் அத்தகைய வேகமாற்றம் தோன்றலாம். கனடாவைச் சேர்ந்த டேவிட் கிரே 1997 பிப்ரவரியில், 51 பெகாசியின் நிறமாலைக் கோடுகளின் வடிவமே 4.23 நாள் சுழற்சியில் மாறுவதாகவும், எனவே கோள் என்னும் விளக்கம் தேவையற்றது எனவும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கோளின் ஈர்ப்பு கோடுகளை இடம் நகர்த்துமே அன்றி அவற்றின் வடிவத்தை மாற்றாது. ஆதலால் இது கடுமையான மறுப்பு. மேலும் பல இரவுகள் நோக்கியபின் அவ்வடிவ மாற்றம் உறுதிப்படவில்லை. 1998ஆம் ஆண்டு அதே இதழில் கிரே தாமே தம் மறுப்பைக் கைவிட்டுக் கோள் விளக்கத்தை ஏற்றார். மறுத்தவரே தம் தரவால் ஏற்றமை இவ்வரலாற்றில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

இறுதி உறுதிப்பாடு ஸ்ட்ரூவின் இரண்டாம் வழியால் கிட்டியது. ஆரைத் திசைவேக முறை கோளின் குறைந்த அளவு நிறையை மட்டுமே தரும். அதன் பருமனை உணர்த்தாது. எச்டி 209458 என்னும் விண்மீனும் பெகாசஸ் குழாமையே சேர்ந்தது. 3.52 நாளில் அதனைச் சுற்றும் கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடப்பதை, ஆர்வர்டு பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவராயிருந்த டேவிட் சார்போனோவும் உடனாய்வாளர்களும் 1999 செப்டம்பரில் பதிவுசெய்தனர். கிரெகரி ஹென்றியின் குழு அதே ஆண்டு நவம்பரில் தனியாகப் பதிவுசெய்தது. விண்மீனின் ஒளி ஏறத்தாழ 1.5 விழுக்காடு குறைந்தது. சார்போனோ பயன்படுத்திய தொலைநோக்கியின் விட்டம் 10 சென்டிமீட்டர் மட்டுமே.

ஒளி குறைந்த அளவிலிருந்து கோளின் விட்டமும், அதனுடன் நிறையைச் சேர்த்து அடர்த்தியும் கணக்கிடப்பட்டன. வியாழனைவிடப் பெரிய விட்டமும், நீரினும் மிகக் குறைந்த அடர்த்தியும் கொண்ட அக்கோள் பாறையாலானதாக இருக்க இயலாது. வெப்ப வியாழன் வளிமப் பெருங்கோளே என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. 2002ஆம் ஆண்டு ஹப்பிள் தொலைநோக்கியின் வழியே இதே கோளின் வளிமண்டலத்தில் சோடியம் கண்டறியப்பட்டது.

1952ஆம் ஆண்டு ஸ்ட்ரூவ் கூறிய 0.02 அளவும் 1999ஆம் ஆண்டு அளக்கப்பட்ட 1.5 விழுக்காடும் ஏறக்குறைய ஒன்றே. எனினும் 1950களில் எவரேனும் தேடியிருந்தால் எளிதில் கண்டிருப்பர் எனக் கூறுவது மிகையாகும். நூறு விண்மீன்களுள் ஒன்றுக்கே வெப்ப வியாழன் உண்டு. அவற்றுள்ளும் பத்தில் ஒன்றின் பாதையே நம் பார்வைக் கோட்டில் அமையும். ஆக ஆயிரம் விண்மீன்களை இரவுதோறும் நோக்கினால் ஒன்று அகப்படும். அக்காலத்தில் அது பேருழைப்பு. ஆனால் இயலாத செயலன்று. இப்பேருழைப்பை மேற்கொள்ளத் தூண்டும் நம்பிக்கை அன்று இல்லை என்பதே பொருத்தமான முடிவாகும்.

8. கோட்பாட்டின் மறுவாசிப்பு

விண்மீனின் அருகில் உருவாக இயலாத கோள் அங்கு வந்ததெப்படி என்னும் வினாவுக்கான விடைக்கூறுகள் முன்னரே அச்சில் இருந்தன. வட்டும் அதனுள் சுற்றும் பொருளும் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் ஈர்ப்பால் அப்பொருள் இடம்பெயரும் என்பதைப் பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் டிரமெய்னும் 1980ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். டக்ளஸ் லின் உள்ளிட்டோர் 1996ஆம் ஆண்டு அக்கருத்தை 51 பெகாசிக்குப் பொருத்தினர்: கோள் தொலைவில் உருவாகி, வட்டின் ஊடே உள்நோக்கி நகர்ந்து, விண்மீனருகில் நின்றது. அதே ஆண்டு, பெருங்கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பால் எறிந்து பாதை மாற்றும் என்னும் மாற்று விளக்கத்தைப் பிறர் முன்வைத்தனர். தம் விண்மீனின் தற்சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றும் வெப்ப வியாழன்கள் 2009ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபின் இரண்டாம் விளக்கம் வலுப்பெற்றது. எவ்விளக்கம் எத்தனைக் கோள்களுக்குப் பொருந்தும் என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது.

கோள்கள் இடம்பெயரும் என்னும் கருத்து 15 ஆண்டுகளாக அச்சில் இருந்தும், அதனைத் தேடல் திட்டமாக எவரும் மாற்றவில்லை. ஸ்ட்ரூவின் கட்டுரைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, 51 பெகாசியின் கோளை அளக்கும் நுட்பம் 1980களின் தொடக்கத்திலேயே கைவரப்பெற்றது. எனவே 1995 வரையிலான தாழ்வில் பிற்பகுதிக்குக் கருவிக்குறை காரணமன்று. இரண்டாவது, கனடியக் குழுவின் வெறுமைக்கு விண்மீன் எண்ணிக்கையும், லிக் குழுவின் தாழ்வுக்குப் பகுப்பாய்வின் காலநீட்டிப்பும் உடனடிக் காரணங்கள். இரண்டின் பின்னும் சூரியக் குடும்பத்தை அளவுகோலாகக் கொண்ட எதிர்பார்ப்பு இருந்தது. மூன்றாவது, முந்தைய பொய் அறிவிப்புகள் தேடலைத் தளரச்செய்த போதிலும், முன்கணித்துச் சரிபார்க்கும் கடுமையை ஆய்வாளரிடம் வளர்த்தன. அக்கடுமையே எவரும் எதிர்பாராத ஒரு முடிவை நிலைநிறுத்தியது.

இம்முடிவுகளுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முதலில் அகப்பட்டவை வெப்ப வியாழன்களாதலின், அவை எங்கும் நிறைந்தவை என்னும் எண்ணம் சில காலம் நிலவியது. விண்மீனை மிகுதியாக அசைப்பதாலும் விரைந்து சுற்றுவதாலும் அவை எளிதில் அகப்பட்டனவே அன்றி, எண்ணிக்கையில் மிக்கவை அல்ல என்பதைப் பின்வந்த பெருந்தொகை ஆய்வுகள் காட்டின. ஒற்றைச் சூரியக் குடும்பத்தைக் கொண்டு அனைத்தையும் அளந்த பிழையும், முதலில் கண்டவற்றைக் கொண்டு அனைத்தையும் அளந்த பிழையும் ஓரினத்தவையே.

2015ஆம் ஆண்டு பன்னாட்டு வானியல் ஒன்றியம் இக்கோளுக்கு ‘டிமிடியம்’ எனப் பெயர் சூட்டியது. இலத்தீனில் ‘பாதி’ எனப் பொருள்படும் இப்பெயர், வியாழனின் நிறையில் ஏறத்தாழ பாதி என்பதைக் குறிக்கிறது. வியாழனை அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் அக்கோளின் பெயரிலும் தொடர்வது கருதத்தக்கது.